லிஸ்பன் – ஹெல்சிங்கி: விமானத் தூரத்தையும் பயண நேரத்தையும் நீங்களே கணக்கிட முழுமையான வழிகாட்டி

ஐரோப்பாவின் தென்மேற்கு ஓரத்தில் லிஸ்பன், வடகிழக்கில் ஹெல்சிங்கி. இடையில் விமானம் எவ்வளவு நேரம் பறக்கும் என்று கேட்டால், பலர் இரண்டே வரியில் கணக்கை முடித்துவிடுகிறார்கள். தூரத்தைத் தேடி எடுக்கிறார்கள், 900-ஆல் வகுக்கிறார்கள். 3 மணி 44 நிமிடம் என்று விடை வருகிறது. உண்மையில், புறப்படும் கேட்டிலிருந்து இறங்கும் கேட்டுக்கு ஏறக்குறைய நான்கரை மணி நேரம் ஆகும். கிட்டத்தட்ட ஐம்பது நிமிடப் பிழை. அதை நம்பி அடுத்த ரயிலுக்கோ பஸ்ஸுக்கோ டிக்கெட் எடுத்துவிட்டு, விமான நிலையத்தில் கையைப் பிசைந்து நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

புதிதாகக் கணக்கிடுபவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது வரிசையில்தான். நேர வித்தியாசத்தை முதலிலேயே உள்ளே இழுத்துவிடுகிறார்கள், நகரத்தையும் விமான நிலையத்தையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். இதே முறை ஐரோப்பாவின் எந்த இரு நகரங்களுக்கும் பொருந்தும். எங்கே பொருந்தாதோ அதையும் அந்தந்த இடத்திலேயே சொல்கிறேன்.

## 1. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

சைன், கோசைன் பொத்தான்கள் உள்ள கால்குலேட்டர் ஒன்று. பெரும்பாலான கைபேசிகளில் திரையைக் கிடையாகத் திருப்பினால் இவை தோன்றும். கணக்கைத் தொடங்கும் முன் அது ரேடியனில் (RAD) இல்லாமல் பாகையில் (DEG) இருக்கிறதா என்று பாருங்கள். சைன் 30 என்று தட்டினால் 0.5 வர வேண்டும். வேறு எண் வந்தால் முதலில் அதை மாற்றுங்கள். இல்லாவிட்டால் பின்னால் வரும் எதுவும் சரியாக இருக்காது.

இரண்டு விமான நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகை. இரண்டு நகரங்களும் உலகப் பொது நேரத்திலிருந்து (யு.டி.சி.) எத்தனை மணி நேரம் தள்ளி இருக்கின்றன என்ற விவரம், அதுவும் நீங்கள் பயணம் செய்யும் தேதிக்கு. இவை போதும்.

## 2. நகரத்தை விடுங்கள், விமான நிலையத்தைப் பிடியுங்கள்

இணையத்தில் கிடைக்கும் தூரம் பெரும்பாலும் ஒரு நகர மையத்திலிருந்து மற்றொரு நகர மையத்துக்கு உள்ளது. விமானம் நகர மையத்தில் இறங்குவதில்லை.

லிஸ்பனில் இது பெரிய தொல்லை இல்லை. உம்பெர்த்து தெல்காது விமான நிலையம் நகருக்குள்ளேயே இருக்கிறது; மெட்ரோவின் சிவப்புத் தடம் அங்கேயே முடிகிறது. ஹெல்சிங்கி விமான நிலையம் அடுத்த நகரமான வான்டாவில் இருக்கிறது. மத்திய ரயில் நிலையத்திலிருந்து ரயிலில் அரை மணி நேரம்.

மற்ற நகரங்களில் இந்த வித்தியாசம் பயணத் திட்டத்தையே புரட்டிப் போடும். பாரிஸ் பெயரில் விற்கப்படும் பொவே நிலையம் பாரிஸிலிருந்து சுமார் 85 கி.மீ. தள்ளி இருக்கிறது. ஸ்டாக்ஹோம் பெயரைத் தாங்கிய ஸ்காவ்ஸ்டா சுமார் 100 கி.மீ.; ஃபிராங்ஃபர்ட் பெயரில் உள்ள ஹான் அதற்கும் மேல். எனவே டிக்கெட்டில் உள்ள மூன்றெழுத்துக் குறியீட்டைப் பாருங்கள். லிஸ்பனுக்கு எல்.ஐ.எஸ்., ஹெல்சிங்கிக்கு எச்.இ.எல். லண்டனுக்கு எல்.ஓ.என். என்று மட்டும் இருந்தால் அது நகரத்தின் குறியீடு. எந்த நிலையம் என்று இன்னும் முடிவாகவில்லை என்று பொருள்.

## 3. அட்சரேகை, தீர்க்கரேகையைக் குறி தவறாமல் எழுதுங்கள்

லிஸ்பன்: அட்சரேகை 38.7813, தீர்க்கரேகை −9.1359.
ஹெல்சிங்கி: அட்சரேகை 60.3172, தீர்க்கரேகை 24.9633.

லிஸ்பனின் தீர்க்கரேகைக்கு முன்னால் உள்ள கழித்தல் குறியைக் கவனியுங்கள். கிரீனிச்சுக்கு மேற்கே உள்ள இடங்களுக்குக் கழித்தல், கிழக்கே உள்ளவற்றுக்குக் கூட்டல். குறியை விட்டுவிட்டால் லிஸ்பன் மத்தியதரைக் கடல் பக்கம் நகர்ந்துவிடும். தூரம் 2,640 கி.மீ. அளவுக்குச் சுருங்கிவிடும். 700 கி.மீ.க்கும் மேல் காணாமல் போகிறது, ஆனால் விடையைப் பார்த்தால் சந்தேகமே வராது. நான் பார்த்த பிழைகளில் மோசமானது இதுதான். போர்ச்சுகல், அயர்லாந்து, ஐஸ்லாந்து, ஸ்பெயினின் பெரும்பகுதி, பிரிட்டனின் பெரும்பகுதி எல்லாமே மேற்கில்தான் இருக்கின்றன.

இரண்டாவது பிழை, பாகை–கலை வடிவத்தை (ஒரு பாகைக்கு 60 கலை) தசமம் என்று நினைப்பது. லிஸ்பன் 38 பாகை 46 கலை என்று எழுதப்பட்டிருந்தால் அதை 38.46 என்று தட்டக் கூடாது. 46-ஐ 60-ஆல் வகுத்து 38.77 என்று எடுக்க வேண்டும். இந்த ஒரு சறுக்கல் இடத்தை முப்பது கிலோமீட்டருக்கும் மேல் நகர்த்திவிடும்.

## 4. பெருவட்டத் தூரத்தைக் கணக்கிடுங்கள்

பூமியின் மேற்பரப்பில் இரண்டு புள்ளிகளுக்கு இடையே மிகக் குறுகிய வழி பெருவட்டத்தின் மேல் செல்லும் வழி. ஒரு நூலை உருண்டையின் மேல் இழுத்துப் பிடித்தால் அது கிடக்கும் கோடு அது.

முதலில் தீர்க்கரேகை வித்தியாசம்: 24.9633-இலிருந்து −9.1359-ஐக் கழிக்க, 34.0992 பாகை.

பிறகு இரண்டு துண்டுகளைத் தனித்தனியாகக் கண்டுபிடியுங்கள்.

முதல் துண்டு, இரண்டு அட்சரேகைகளின் சைன்களின் பெருக்கல்: 0.62635 × 0.86878 = 0.54416.

இரண்டாம் துண்டு, இரண்டு அட்சரேகைகளின் கோசைன்களையும் தீர்க்கரேகை வித்தியாசத்தின் கோசைனையும் பெருக்குவது: 0.77954 × 0.49520 × 0.82807 = 0.31966.

இரண்டையும் கூட்டினால் 0.86382. இதற்குத் தலைகீழ் கோசைன் (கால்குலேட்டரில் cos⁻¹ பொத்தான்) எடுத்தால் 30.25 பாகை. பூமியின் மேற்பரப்பில் ஒரு பாகை என்பது 111.195 கி.மீ. எனவே 30.25 × 111.195 = சுமார் 3,364 கி.மீ.

துண்டுகளைப் பிரிக்காமல் ஒரே மூச்சில் தட்டாதீர்கள். அடைப்புக்குறி ஒன்று இடம் மாறினாலும் எங்கே தவறியது என்று கண்டுபிடிக்க முடியாது. ஒவ்வொரு எண்ணையும் ஐந்து தசம இடம்வரை தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மூன்று இடத்தோடு நிறுத்தினால் கடைசியில் சில கிலோமீட்டர் பிசகலாம்.

மைல் கணக்கில் ஓர் எச்சரிக்கை. விமானத் துறை கடல் மைலைப் பயன்படுத்துகிறது. ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. நம் 30.25 பாகையை 60-ஆல் பெருக்கினால் நேரே 1,815 கடல் மைல் கிடைக்கும். இதைச் சாலை மைல் என்று நினைத்து 1.609-ஆல் பெருக்கினால் 2,920 கி.மீ. என்ற தவறான எண் வரும். ஒரே பயணத்துக்கு இரண்டு இடங்களில் இரண்டு தூரம் பார்த்தால், முதலில் மைல் எந்த வகை என்று பாருங்கள்.

இந்த 3,364 என்ற எண்ணைப் பத்திரமாக வைத்திருங்கள். விமானம் தாமதமானால் இது தேவைப்படும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 ஒழுங்குமுறை இழப்பீட்டைப் பெருவட்டத் தூரத்தை வைத்துத்தான் தீர்மானிக்கிறது. 1,500 கி.மீ. வரை 250 யூரோ. ஒன்றியத்துக்குள் அதற்கு மேற்பட்ட பயணம் என்றால் 400 யூரோ. விமானம் உண்மையில் எவ்வளவு சுற்றிப் பறந்தது என்பது இங்கே கணக்கில் வராது. இடையில் ஓர் ஊரில் மாறிச் சென்றாலும், புறப்பட்ட இடத்துக்கும் கடைசியாகச் சேர்ந்த இடத்துக்கும் உள்ள நேர்த் தூரமே கணக்கு என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2017-இல் தீர்ப்பளித்திருக்கிறது. விதியைத் திருத்தும் பேச்சுகள் நடந்திருப்பதால், விண்ணப்பிக்கும் நாளில் நடப்பில் உள்ள தொகையைப் பாருங்கள்.

## 5. வழியை வரைபடத்தில் ஒருமுறை கண்ணால் பாருங்கள்

எண் சரியா என்று உறுதிசெய்ய இதுவே நல்ல வழி. லிஸ்பனிலிருந்து கிளம்பும் பெருவட்டக் கோடு வடக்கு ஸ்பெயினைத் தாண்டி, பிஸ்கே விரிகுடாவுக்கு மேல் சென்று, மேற்கு பிரான்சுக்குள் நுழைகிறது. பயணத்தின் சரிபாதிப் புள்ளி பெல்ஜியத்தில், பிரஸ்ஸல்ஸுக்குச் சற்று மேற்கே விழுகிறது. அங்கிருந்து நெதர்லாந்து, வட ஜெர்மனி, டென்மார்க், ஸ்வீடனின் தென்பகுதி, பால்டிக் கடல், பிறகு பின்லாந்து.

சுவரில் தொங்கும் வழக்கமான உலக வரைபடத்தில் அளவுகோலை வைத்துக் கோடு போட்டால், பாதி வழியில் லக்ஸம்பர்க் வரும். அந்த வரைபடம் வடக்கே போகப்போக நிலத்தை அகட்டிக் காட்டுவதே காரணம். இரண்டு வழிகளின் நீளத்துக்கும் இடையே முப்பது கிலோமீட்டர்தான் வித்தியாசம், அதாவது ஒரு சதவீதம்கூட இல்லை. ஆகவே ஐரோப்பாவுக்குள் தூரத்தைப் பொறுத்தவரை இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். எந்த நாட்டின் மேல் பறக்கிறோம் என்பதில் மட்டும் ஏமாறக் கூடாது. அடுத்த படிக்கு அதுதான் முக்கியம்.

## 6. நேர்க்கோட்டை உண்மையான பாதையாக நீட்டுங்கள்

விமானம் பெருவட்டத்தை அப்படியே பின்பற்றுவதில்லை. புறப்படும்போது காற்றை எதிர்த்து மேலெழும்பிப் பிறகு திரும்ப வேண்டும். இறங்கும்போது வரிசையில் நின்று ஓடுபாதைக்கு நேராக வர வேண்டும். நடுவில் ராணுவப் பயிற்சி வான்பகுதி, இடிமேகம், நெரிசல் எல்லாம் உண்டு.

நடுத்தரத் தூரப் பயணத்துக்கு நான் 4 சதவீதம் கூட்டுகிறேன். 3,364-உடன் அதைக் கூட்டினால் ஏறக்குறைய 3,500 கி.மீ. இதுதான் நேரக் கணக்குக்கு எடுக்க வேண்டிய தூரம்.

இந்த 4 சதவீதம் எல்லா இடத்திலும் செல்லாது. ஹெல்சிங்கியிலிருந்து இஸ்தான்புல்லுக்கு நேர்க்கோடு போட்டுப் பாருங்கள்; பெலாரஸ் மீதும் உக்ரைன் மீதும் செல்கிறது. உக்ரைனின் வான்வெளி 2022 பிப்ரவரி முதல் பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றிய விமானங்கள் பெலாரஸையும் தவிர்க்கின்றன. எனவே விமானம் மேற்கே போலந்து வழியாக வளைந்து போகிறது. இதுபோன்ற பயணத்துக்குச் சதவீதம் போடாமல், வளைவில் ஓர் இடைப்புள்ளியைத் தேர்ந்தெடுத்து இரண்டு துண்டாக நான்காம் படியைச் செய்யுங்கள்.

## 7. வேகத்தையும் காற்றையும் சேருங்கள்

இந்த வழியில் பெரும்பாலும் ஏர்பஸ் ஏ320 குடும்பத்து விமானங்கள். உயரத்தில் இவை ஒலியின் வேகத்தில் 0.78 மடங்கில் பறக்கின்றன. பதினோரு கிலோமீட்டர் உயரத்தில் அது மணிக்குச் சுமார் 830 கி.மீ. கண்டம் விட்டுக் கண்டம் போகும் பெரிய விமானங்களின் 900 கி.மீ.யை இங்கே கொண்டுவரக் கூடாது.

ஐரோப்பாவின் மேல் உயரக் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்காக வீசுகிறது. வேறு தகவல் இல்லாதபோது மணிக்கு 40 கி.மீ. என்று எடுத்துக்கொள்ளுங்கள். அது ஹெல்சிங்கிக்குப் போகும்போது தள்ளும், திரும்பும்போது தடுக்கும்.

போகும்போது: 3,500 ÷ 870 = 4 மணி 1 நிமிடம்.
திரும்பும்போது: 3,500 ÷ 790 = 4 மணி 26 நிமிடம்.

போக வர இரண்டும் சரிக்குச் சரியாகிவிடும் என்று நினைத்து காற்றையே விட்டுவிடுகிறவர்கள் உண்டு. அப்படி ஆகாது. குளிர்காலத்தில் காற்று 100 கி.மீ. என்று வைத்துப் பாருங்கள். காற்றில்லாத நேரம் 4 மணி 13 நிமிடம். தள்ளும்போது 27 நிமிடம் மிச்சமாகிறது, தடுக்கும்போது 35 நிமிடம் கூடுதலாகிறது. எதிர்காற்றில் விமானம் அதிக நேரம் சிக்கியிருப்பதால் இழப்பு எப்போதும் லாபத்தைவிடப் பெரிது.

## 8. ஏற்றம், இறக்கம், தரை ஓட்டம்

மேலேறும்போதும் இறங்கும்போதும் விமானம் 830-இல் பறப்பதில்லை. இதற்காக மொத்தமாக 12 நிமிடம் கூட்டுங்கள். கேட்டிலிருந்து ஓடுபாதைக்கும், இறங்கியபின் கேட்டுக்கும் சேர்த்து 20 நிமிடம். ஆக 32 நிமிடம்.

போக: 4 மணி 33 நிமிடம்.
திரும்ப: 4 மணி 58 நிமிடம்.

கால அட்டவணைகள் காட்டுவது இந்தக் கேட்டிலிருந்து கேட்டுக்கான நேரத்தை. விமானி ஒலிபெருக்கியில் சொல்வது பெரும்பாலும் வானில் இருக்கும் நேரத்தை மட்டும். டிக்கெட்டில் நான்கரை மணி, விமானி சொல்வது நாலே கால் என்றால் யாரும் தவறு செய்யவில்லை.

தூரம் குறையக் குறைய இந்த 32 நிமிடம் கனத்துவிடுகிறது. லண்டன் ஹீத்ரூவிலிருந்து பாரிஸ் சார்லஸ் தெ கோலுக்குச் சுமார் 350 கி.மீ.தான். வெறுமனே வகுத்தால் 25 நிமிடம். அட்டவணையிலோ ஒன்றேகால் மணி நேரத்துக்குக் குறையாது. நெரிசலான நிலையங்களுக்குத் தரை ஓட்டமே 30 நிமிடம் என்று எடுப்பது பாதுகாப்பு.

## 9. கடிகாரத்தைக் கடைசியில்தான் திருப்ப வேண்டும்

இதுவரை எல்லாம் கழியும் நேரம். இப்போதுதான் உள்ளூர் நேரம் வருகிறது.

லிஸ்பன் குளிர்காலத்தில் உலகப் பொது நேரத்திலேயே இருக்கிறது. ஹெல்சிங்கி 2 மணி நேரம் முன்னால். கோடையில் இரண்டுமே ஒரு மணி நேரம் முன்னே நகர்கின்றன. வித்தியாசம் எப்போதும் 2 மணி நேரம்.

லிஸ்பனில் 14.00-க்குப் புறப்படுகிறீர்கள். 4 மணி 33 நிமிடம் கூட்டினால் லிஸ்பன் நேரப்படி 18.33. அதன்மேல் 2 மணி நேரம்: ஹெல்சிங்கியில் 20.33. டிக்கெட்டைப் பார்த்தால் ஆறரை மணி நேரப் பயணம் போலத் தோன்றும். திரும்பும்போது ஹெல்சிங்கியில் காலை 8.00-க்குக் கிளம்பினால் அங்கே 12.58 ஆகும்போது இறங்குகிறீர்கள். லிஸ்பனில் அப்போது 10.58. மூன்று மணி நேரத்தில் வந்துவிட்டது போலத் தோன்றும். ஒரே வழியில் போக ஆறரை, வர மூன்று என்று குழம்புபவர்கள் மிகப் பலர்.

நேர வித்தியாசம் நினைவில்லை என்றால் டிக்கெட்டே உதவும். போகவும் வரவும் தோன்றும் நேரங்களைக் கூட்டிப் பாதியாக்குங்கள். 6.33-ம் 2.58-ம் சேர்ந்து 9 மணி 31 நிமிடம். பாதி 4 மணி 45 நிமிடத்துக்குச் சற்று மேல். நேர வித்தியாசம் தானே அடிபட்டு, இரு வழிப் பயணங்களின் சராசரி கிடைத்துவிடுகிறது.

மாலை விமானத்தில் தேதியும் மாறும். லிஸ்பனில் 18.40-க்குக் கிளம்பினால் ஹெல்சிங்கியில் இறங்கும்போது மறுநாள் 01.13. டிக்கெட்டில் நேரத்துக்குப் பக்கத்தில் சிறியதாக +1 என்று இருக்கும். அதைப் பார்த்துவிட்டுச் சிலர், நள்ளிரவுக்குப் பின் வரும் தேதிக்கு அறை பதிவுசெய்துவிடுகிறார்கள். நீங்கள் போய்ச் சேர்வது விடியற்காலை ஒன்றேகாலுக்கு. அறையோ அன்று பிற்பகல்தான் திறக்கும். புறப்படும் தேதிக்கே அறை எடுக்க வேண்டும், இரவில் தாமதமாக வருவதாக முன்பே சொல்லிவிடவும் வேண்டும்.

மார்ச், அக்டோபர் கடைசி ஞாயிறுகளில் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் ஒரே கணத்தில், உலகப் பொது நேரம் 01.00-க்கு, கடிகாரம் மாறுகிறது. ஆனால் ஐஸ்லாந்தும் துருக்கியும் மாற்றுவதில்லை. லண்டனுக்கும் இஸ்தான்புல்லுக்கும் குளிர்காலத்தில் 3 மணி நேர வித்தியாசம், கோடையில் 2. ரெய்க்யவிக்–கோபன்ஹேகன் குளிர்காலத்தில் 1, கோடையில் 2. இந்த ஊர்களுக்குப் பழைய டிக்கெட்டைப் பார்த்துக் கணக்கிடாதீர்கள்.

## 10. இடையில் விமானம் மாறினால்

ஃபிராங்ஃபர்ட்டில் மாறுவதாக வைத்துக்கொள்வோம். லிஸ்பன்–ஃபிராங்ஃபர்ட் சுமார் 1,874 கி.மீ., அங்கிருந்து ஹெல்சிங்கி சுமார் 1,538. மொத்தம் 3,412. நேர்வழியைவிட ஐம்பது கிலோமீட்டர்கூட அதிகமில்லை. ஆனால் 32 நிமிடத்தை இரண்டு முறை கூட்ட வேண்டும். விமானத்தில் மட்டும் ஐந்து மணி நேரத்தைத் தாண்டும். காத்திருப்பு ஒன்றரை மணி என்றால் மொத்தம் 6 மணி 40 நிமிடம். தூரம் நெருக்கமாக இருப்பதைப் பார்த்து நேரமும் நெருக்கமாக இருக்கும் என்று எண்ண வேண்டாம்.

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டில் பயணம் செய்பவர்கள் மாறும் ஊரைக் கூடுதல் கவனத்தோடு தேர்ந்தெடுக்க வேண்டும். போர்ச்சுகல், ஜெர்மனி, பின்லாந்து மூன்றும் ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் ஷெங்கன் பகுதிக்குள் இருக்கின்றன. லண்டன் வழியாகவோ இஸ்தான்புல் வழியாகவோ போனால் ஷெங்கனை விட்டு வெளியேறி மறுபடி நுழைகிறீர்கள். ஒரே முறை நுழையும் விசா வைத்திருந்தால் ஹெல்சிங்கிக்கான விமானத்தில் ஏற்றவே மாட்டார்கள். டிக்கெட் விலை குறைவு என்று அந்த வழியை எடுப்பதற்கு முன் விசாவில் நுழைவு எண்ணிக்கையைப் பாருங்கள்.

## 11. வாசலிலிருந்து வாசலுக்கு

நேரடி விமானத்துக்கு: லிஸ்பன் நகரிலிருந்து மெட்ரோவுக்கு அரை மணி, புறப்படும் முன் இரண்டு மணி, பயணம் 4 மணி 33 நிமிடம், இறங்கிப் பெட்டி எடுக்க அரை மணி, ரயில் அரை மணி. மொத்தம் எட்டு மணி நேரம். ஷெங்கனுக்குள் என்பதால் கடவுச்சீட்டு வரிசை இல்லை. ஆனாலும் கடவுச்சீட்டும் வசிப்பிட அட்டையும் கையில் இருக்க வேண்டும். லண்டன், டப்ளின் போன்ற இடங்களுக்கு இன்னும் முக்கால் மணி நேரம் கூட்டுங்கள்.

## 12. விடையைச் சரிபார்ப்பது

அதே விமான எண் கடந்த சில நாள்களில் எப்போது புறப்பட்டு எப்போது இறங்கியது என்பதை விமானங்களைக் கண்காணிக்கும் தளங்களில் பாருங்கள். ஒரு நாளை மட்டும் எடுக்காதீர்கள். அன்றைய காற்றோ நெரிசலோ உங்களை ஏமாற்றிவிடும்.

உங்கள் கணக்குக்கும் உண்மைக்கும் கால் மணி நேரத்துக்குள் வித்தியாசம் என்றால் கணக்கு நன்றாக இருக்கிறது. சரியாக ஒரு மணி அல்லது இரண்டு மணி தவறினால் ஒன்பதாம் படியில் நேர வித்தியாசம் பிசகியிருக்கிறது. அரை மணி நேரம் குறைவாக வந்தால் எட்டாம் படி விடுபட்டிருக்கும். ஐம்பது நிமிடத்துக்கு மேல், ஆனால் முழு மணிகளில் இல்லாமல் தவறினால் மூன்றாம் படிக்குத் திரும்பிக் கழித்தல் குறியைப் பாருங்கள்.